மூத்தவன் ஓசூருக்கு, இளையவன் சாத்தூருக்கு

தாயில்பட்டியில் சண்முகத்தாயின் ஆட்டோவைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவாள். சாயங்காலம் திரும்ப வீடு சேர்ப்பாள். நடுவில் ஆஸ்பத்திரி, சந்தை, சடங்கு வீடு என்று வண்டி சும்மா நிற்காது.

அவள் புருஷன் ஊர்க்காவலன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குக் கல் லாரி ஓட்டியவன். மஞ்சள்காமாலையில் அவன் போனபோது மூத்தவன் செழியன் ஆரம்பப் பள்ளியில் இருந்தான். இளையவன் முனியராஜ் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. அதுவரை அவளும் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள்தான். தனக்கும் ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு யாருமில்லை, இந்த வீட்டிலிருந்து இனி ஒரு கைகூட மருந்தைத் தொடாது என்று முடிவு செய்தாள். புருஷனின் சிநேகிதரிடம் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் சிரித்த ஆம்பளைகள், பள்ளிவாசல் சந்துக்குள் அவள் ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் கற்றுக்கொடுத்தாள். "ஆம்பளப் பிள்ளைகளைப் போயி பாத்திரம் விளக்க விட்டிருக்கீகளே" என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, "கை வலிக்குதான்னு அவனுககிட்டயே கேளுங்க" என்றாள். லீவு நாளில்கூட கம்பெனிப் பக்கம் அவர்கள் தலைகாட்டக் கூடாது. அதில் மட்டும் கெடுபிடி.

செழியன் டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை கிடைத்துப் போனான். பஸ் ஏறும்போது அவனுக்குத்தான் கண் கலங்கியது.

"பிடிக்கலைன்னா திரும்பி வாலே. பிடிச்சிருந்தா அங்கனயே இரு. எனக்காக எதையும் முடிவு பண்ணாத" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நேரே சவாரிக்குப் போய்விட்டாள். கூட வேலை பார்க்கும் ஓவியாவை அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோதும் சண்முகத்தாயே தர்மபுரியில் பெண் வீடு வரை போய்ப் பேசி முடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மகனும் மருமகளும் தங்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள். "வாரேன், பாக்குறேன், திரும்பிருவேன்" என்றாள்.

பிள்ளைகளை விட்டுப் பிரிவது தனக்குக் கைவந்த காரியம் என்றே நினைத்திருந்தாள்.

முனியராஜ் காலேஜ் முடித்துவிட்டு தினமும் விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓடினான். போலீஸ் பரீட்சைக்கு என்றான். அவளுக்குச் சந்தோஷம். தேர்வாகிவிட்டான் என்ற செய்தியை அவள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னான். பயர் சர்வீஸில் கிடைத்திருக்கிறது என்றான்.

"போலீசுன்னுல்ல சொன்ன?"

"பரீட்சை எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. நான் கேட்டு வாங்குனது இது."

அவள் அடுப்பை அணைத்தாள். "இந்தப் பக்கம் பயர் சர்வீஸ்காரனுக்கு என்ன வேலைன்னு தெரியுமாலே? எல்லாரும் வெளிய ஓடி வருவாக. நீ உள்ள போவே."

"தெரியும்மா."

"மருந்து வாடை படாம உன்னை வளத்தேன்."

"இல்லைங்கல. ஊரு பூரா அந்த வாடைதான இருக்கு?"

தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு வெளியே போனாள். சாப்பிடவும் இல்லை. மறுநாள் செழியனைக் கூப்பிட்டுத் தம்பிக்குப் புத்தி சொல்லச் சொன்னாள். "நீ சொல்லியே கேக்கல, நான் சொன்னாலா கேப்பான்?" என்றான் அவன்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம், எல்லோரும் இறங்கிய பிறகு ஆட்டோவில் பாண்டிலட்சுமி மட்டும் இருந்தாள். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் வெடித்தபோது இடது கை வெந்துபோனவள். இப்போது பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறாள். அன்றைக்கு முனியராஜைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த சண்முகத்தாய், புகையைப் பார்த்ததும் வண்டியை அந்தப் பக்கம் திருப்பி, பாண்டிலட்சுமியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டியிருந்தாள்.

"மூஞ்சி ஏன்க்கா இப்படிக் கெடக்கு?" என்று கேட்டாள் பாண்டிலட்சுமி. சண்முகத்தாய் விஷயத்தைச் சொன்னாள்.

பாண்டிலட்சுமி தன் இடது கையைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அன்னைக்கு நீங்க முன்னால ரோட்டைப் பாத்துட்டு வந்தீக. பின்னால நடந்தது உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

"என்ன நடந்துச்சு?"

"என் தலை அவன் மடியில கெடந்துச்சு. கண்ணை மூட விட மாட்டேன்னுட்டான். பிள்ளைக பேரு என்ன, எத்தனை கோழி வளக்கீக, நேத்து என்ன குழம்புன்னு கேட்டுக்கிட்டே வந்தான். நான் வலியில திட்டுனேன். அவன் பாட்டுக்குக் கேட்டான். கை மட்டும் வெடவெடன்னு நடுங்குச்சு. அந்தக் கையை விடலக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"பொங்கலுக்குப் பொங்கலு வீட்டுக்கு வந்து என் கையைக் காட்டச் சொல்லிப் பாத்துட்டுப் போவான். அதையும் சொல்லியிருக்க மாட்டான்."

பாண்டிலட்சுமியை இறக்கிவிட்டு சண்முகத்தாய் மெதுவாகவே வண்டியை ஓட்டினாள். இளையவனைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருந்தவள். அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே அவன் தன் வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறான், தான்தான் பார்க்கவில்லை. அது கொஞ்சம் சுட்டது. ஆனால் நடுங்கினாலும் விடாத அந்தக் கையை நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டில் அவன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பயிற்சிக்கு எப்பம் போகணும்?"

"திங்கக்கிழமை. சென்னைக்கு."

"சாத்தூர் ரயில்வே ஸ்டேஷன்ல நானே கொண்டாந்து விடுறேன்." தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுச் சொன்னாள்: "பயம் போகல. போகவும் போகாது. அது எம்பாடு. நீ அதைத் தூக்கிச் சுமக்காத."

அவன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். "சரிம்மா" என்றான்.

பயிற்சி முடிந்து சில காலம் வெளி மாவட்டத்தில் இருந்தான். பிறகு சாத்தூருக்கே மாற்றலாகி வந்து, தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கினான்.

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பாண்டிலட்சுமியையும் தெருப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு சண்முகத்தாய் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் எங்கோ அந்தச் சத்தம் கேட்டது. ஆட்டோவுக்குள் பேச்சு நின்றது. ஆளாளுக்கு போனை எடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்று விசாரித்து, தங்கள் வீட்டு ஆட்கள் அங்கே இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தியாக மூச்சு விட்டார்கள்.

சண்முகத்தாய் மட்டும் விடவில்லை. எதிரே சாத்தூர்ப் பக்கமிருந்து சைரன் வந்துகொண்டிருந்தது.

பாலம் வேலை நடக்கும் இடம், ரோடு ஒடுக்கம். அவள் வண்டியை இறக்கி முள்செடிகளை ஒட்டி நிறுத்தினாள். தீயணைப்பு வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. ஹெல்மெட் போட்ட தலைகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

"நம்ம முனியராஜ் இருக்கானாக்கா?"

"இருப்பான். இன்னைக்கு டூட்டி."

"திருப்புங்க, போயிப் பாப்போம்."

கைப்பிடியில் அவள் கை நடுங்கியது. "நம்ம போயி ரோட்டை அடைச்சா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? அவனுக வேலையை அவனுக பாக்கட்டும்" என்றாள். வண்டியை மேலே ஏற்றி, சாத்தூரைத் தாண்டிக் கோயிலுக்கே போனாள். சாமி கும்பிட்டது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"யம்மா, முடிஞ்சிருச்சு. ஒரு ரூம் இடிஞ்சிருச்சு. ரெண்டு பேருக்குக் காயம். ஒருத்தரை நான்தான் தூக்கிட்டு வந்தேன். பொழச்சுக்கிடுவாகன்னு டாக்டர் சொன்னாரு."

"உனக்கு?"

"ஒண்ணுமில்ல. புருவம் லேசா பொசுங்கிருச்சு."

அவள் கோயில் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து இறங்கியதை முந்தானையில் துடைத்தாள். குரலில் எதுவும் காட்டவில்லை. "எண்ணெய் கொஞ்சம் தடவு. லீவு கிடைக்கையில வா" என்று மட்டும் சொன்னாள்.

வீடு திரும்பியதும் செழியன் கூப்பிட்டான். டிவியில் பார்த்திருக்கிறான். "அவனை வேற ஊருக்கு மாத்தல் கேக்கச் சொல்லும்மா."

"அவனுக்குத் தோணுனா கேப்பான். நான் சொல்ல மாட்டேன். ஓவியா எப்படி இருக்கா?"

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு முக்கில் போய் நின்றாள். ஏறும்போதே பெண்கள் முனியராஜுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"புருவம் போச்சு. வளந்துரும்" என்று சொல்லி, கியரைப் போட்டாள்.