விரலுக்கு மூன்று எழுத்து

சென்ற ஆண்டு மார்ச் முடிவதற்குள் சிட்னியின் டீவையில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் பதினொரு பிள்ளைகளின் விரல்களில் திபெத்திய எழுத்துகள் ஏறிவிட்டன. விரலுக்கு மூன்றாக முப்பது எழுத்தையும் முதலில் முடித்தவள் ஆறு வயதுப் பசாங். உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். மொண்டிசோரி முறை அதுதான். எழுத்து சரியாகப் பிடிபட்ட அன்று பலகை வழவழவென்று ஆகிவிடும். ரேகை இருந்த இடத்தில், விரல் நுனியில், அரிசிமணி அளவில் அந்த எழுத்து நிற்கும். வலி இல்லை, சோப்புக்கும் போகாது. வழவழத்த பலகை அடுத்த பிள்ளைக்கு உதவாது என்பதால் வாராவாரம் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. பெற்றோருக்கு இருந்த ஒரே குறை, பக்கத்துக் கடையில் உப்புத்தாள் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்பதுதான்.

வெட்டியவள் நிரூபா. யாழ்ப்பாணத்துப் பெண். சிட்னியின் மறுகோடியில் உள்ள கிரவீனில் இருந்து ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டி வருவாள். திபெத்திய மொழியில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. பசாங்கின் தாய் நோர்சோம் வரைந்து கொடுப்பாள், நிரூபா கோட்டின் மேல் வெட்டுவாள். இருவரும் பேசிக்கொண்டது தமிழில். கர்நாடகத்து அகதிக் குடியிருப்பில் பிறந்த நோர்சோம், பன்னிரண்டு ஆண்டுகள் ஐப்பசி தொடங்கித் தை வரை மதுரையில் நடைபாதைக் கடை போட்டு ஸ்வெட்டர் விற்றவள். டீவையில் நிரூபா வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் பசாங்கைச் சேர்க்க வந்த அன்று, மேசையில் இருந்த பெயர் அட்டையைப் படித்துவிட்டு, கடையில் பேரம் பேசுகிற குரலில், "அக்கா தமிழா? அப்ப ரெண்டு நாள் முன்னாடியே சேர்த்துக்கங்க, காலைல மொத போணி நாந்தான்" என்றாள். நிரூபா சிரித்த சிரிப்பில் பதிவுப் படிவத்தில் தேதியைத் தப்பாக எழுதினாள். அந்தப் பழக்கத்தில்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது.

ஏப்ரலில் குடிவரவு அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. நோர்சோமின் தஞ்ச விசா விண்ணப்பம் முடிவாகும் கட்டத்துக்கு வந்திருந்தது. தாயும் மகளும் மே பதினாறாம் தேதி நேரில் வந்து மறுபடி கைரேகை பதிய வேண்டும், முதல் முறை கொடுத்த ரேகையோடு அது ஒத்துப்போக வேண்டும். முதல் முறை பசாங்குக்கு ஐந்து வயது, பத்து விரலிலும் சாதாரணச் சுழிகள். இப்போது ஒன்றில்கூடச் சுழி இல்லை. கடிதத்தை நோர்சோம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள், பிறகு எடுத்துப் பைக்குள் வைத்தாள், பிறகு மறுபடி ஒட்டினாள். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கும்போதும் மகளின் விரல்களே கண்ணில் நின்றன. வேறு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிறாள் என்று அதிகாரிகள் எழுதிவிட்டால் போவதற்கு ஒரு நாடும் இல்லை. இந்தியா அவளுக்குக் கொடுத்திருந்தது பாஸ்போர்ட் அல்ல, அகதிகளுக்கான ஒரு மஞ்சள் அட்டை.

"எழுத்து தானா ஏறுச்சுல்ல, தானா எறங்கட்டும்க்கா. அவகிட்ட எங்க பாஷை பேச மாட்டேன். மறந்தா ரேகை வந்துரும்" என்றாள் நிரூபாவிடம்.

"அப்பிடி வரும் எண்டு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்க."

நிரூபாவின் எட்டு வயதில், கொழும்பு பஸ்ஸில் ஏறுமுன் அவளுடைய அம்மா, "உள்ளுக்க தமிழில ஒரு சத்தமும் வரப்படாது" என்று சொல்லிக் கையை இறுக்கிப் பிடித்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்தப் பயத்தை அறிந்தவள் என்பதாலேயே தடுக்காமல் இருந்துவிட்டாள். அது பிழை என்று தெரியப் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நாளும் நோர்சோம் மகளிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். அவளுடைய ஆங்கிலம் வேலையிடத்து ஆங்கிலம். காலைத் தூக்கு, மெதுவாகத் திரும்பு, மாத்திரை விழுங்கியாயிற்றா. ஆறு வயதுப் பிள்ளையைத் தூங்க வைக்க அதில் சொல் இல்லை. பசாங் முதலில் சிரித்தாள், பிறகு கோபித்தாள், பிறகு பேசுவதையே குறைத்தாள். எட்டாம் நாள், "அமலா, ஆர் யூ கிராஸ் வித் மீ?" என்று கேட்டாள். அமலா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் வலது கட்டைவிரலில் இருந்த மூன்று எழுத்தும் மறைந்தன. ரேகை வரவில்லை. விரல் நுனி முட்டை ஓடு மாதிரி வெறுமையாக இருந்தது.

காப்பகத்து வாசலில் நிரூபா அந்த விரலைப் பிடித்துத் தூக்கினாள். தன் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தாள்.

"நோர்சோம், இண்டைக்கே நிப்பாட்டும். இது பழைய ரேகைக்குப் போகேல்ல. ஒண்டுமில்லாமல் போகுது."

"எழுத்தோட போனா மாட்டோம்க்கா."

"வெறும் விரலோட போனா? அப்ப என்னத்தைக் காட்டுவீர்?"

நோர்சோம் கார் நிறுத்துமிடத்திலேயே குந்தி உட்கார்ந்து மகளிடம் தன் மொழியில் பேசத் தொடங்கினாள். கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை. மற்றப் பெற்றோர்கள் அவர்களைச் சுற்றி வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் போனார்கள். மங்கத் தொடங்கியிருந்த ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரு கிழமைக்குள் மறுபடி துலங்கின. கட்டைவிரல் மட்டும் திரும்பவில்லை. அதன் மூன்று எழுத்துகளும் பசாங்குக்கு நன்றாகத் தெரியும், எழுதுவாள், வாசிப்பாள், ஆனால் விரல் அவற்றை ஏற்கவில்லை.

மே பதினாறாம் தேதி மூவரும் மஞ்சள் மாடி பஸ்ஸில் நகரத்துக்குப் போனார்கள். நிரூபா வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லியிருந்தாள், வழியெல்லாம் உண்மையிலேயே குமட்டியது. கவுண்டரில் இருந்த பெண் பசாங்கின் விரல்களைக் கண்ணாடியில் வைத்தாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்து வைத்தாள், மறுபடி சிவப்பு. திரையில் பெரிதாகத் தெரிந்த எழுத்துகளைச் சற்றுநேரம் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து போய் மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு எந்த மொழி என்று மட்டும் கேட்டார். போன கிழமை ஓர் அராபியப் பையனுக்கும் இப்படித்தான் ஆனது என்று சொல்லித் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்.

மெல்பேர்ணில் இருந்து ஒரு முதியவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஒவ்வொரு விரலாக வாசிக்கச் சொன்னார். பசாங் இடது சுண்டுவிரலில் தொடங்கினாள். வகுப்பில் பாடுகிற ராகத்திலேயே பாடினாள், பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வலது கட்டைவிரல் வந்ததும் நின்றுவிட்டாள். முதியவர் அதில் என்ன என்று கேட்டார். அவள் விரலைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், "அதில் அம்மா பேசாமல் இருந்த நாட்கள் என்கிறாள்" என்றார். அதிகாரி அதைச் சொன்னபடியே தட்டச்சு செய்தார். விரலில் இருப்பதும் அவள் வாசித்ததும் பொருந்தியவை ஒன்பது விரல், விரலுக்குச் சொந்தக்காரி இவள்தான் என்பதற்கு அது போதும் என்றார்.

விசா ஐந்து மாதத்தில் வந்தது. இப்போது அந்த அலுவலகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முன்பதிவில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், வாசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக. பசாங்குக்கு ஏழு வயது ஆகிவிட்டது. கட்டைவிரல் அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் மறைக்காமல் காட்டுகிறாள். நோர்சோம் அதைத் தினமும் காலையில், தலை பின்னி முடித்ததும், ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.