விமானத்துக்குள்ளிருந்து வந்த குரல்

வாப்பா விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் மவுத்தானார். எனக்கு அழுகை வரவில்லை. வந்த பெண்களெல்லாம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானோ குளிர்பெட்டி வயர் பிளக்குக்கு எட்டுமா, நாற்காலிகளை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. தம்பி யாசர் ஷார்ஜாவில் இருந்தான். ஆக மேலப்பாளையத்து வீட்டில் எல்லாமே என் தலையில்தான்.

யாசர் விடிவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டான். நம் நேரத்துக்கு ஏழு மணிக்கு விமானம் கிளம்பும், பதினோரு மணிக்குத் திருவனந்தபுரம், அங்கிருந்து மூணு நாலு மணி நேரம் கார், சாயங்காலம் அசர் தொழுகைக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொன்னான்.

வாப்பாவின் தம்பி சாச்சாவுக்கோ மத்தியானம் லுஹரோடு அடக்கிவிட வேண்டும். மையத்து உடலைக் காக்க வைக்கக் கூடாது என்று மார்க்கம் பேசினார். கூடப்பிறந்த அண்ணனோடு வருஷக்கணக்காகப் பேசாதவருக்கு அன்றைக்கு வந்த அவசரத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மகன் முகம் பார்க்காமல் தூக்க விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றுவிட்டேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். லுஹருக்குள் பையன் திருவனந்தபுரம் வந்துவிட்டான் என்று தெரிந்தால் அசர் வரைக்கும் பொறுக்கலாம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்றார். ஜமாத்துக்காரர்கள் முன்னால் நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பதினோரு மணி தாண்டி யாசர் நம்பர் அடித்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"லாத்தா, வாப்பா மொகத்த மூடிராதீய. நான் வந்துருதேன்."

அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு எழவில்லை. பின்னால் புல்லாங்குழல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்தில் போடுகிற பாட்டு. மக்காவுக்கு உம்ரா போய் வந்தபோது கேட்டுக் கேட்டுச் சலித்ததுதான். அது சட்டென்று நின்றது. பதிந்து வைத்த பெண் குரல் ஒன்று, திருவனந்தபுரத்துக்கு உங்களை வரவேற்கிறோம், விமானம் முழுதாக நிற்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னது. உடனே கொல்லென்று சிரிப்புச் சத்தம். ஊர் வந்த சந்தோஷம் போல என்று நினைத்தேன். ஒரு சிரிப்பு மட்டும் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. யாரோ பக்கத்து சீட்டுக்காரன். அதோடு லைன் போய்விட்டது.

"அது ரிக்கார்டுல்லா?" என்றார் சாச்சா.

"ரிக்கார்டுன்னா என்ன? எறங்காத பிளேனுக்கு ஆரு வரவேற்பு சொல்லுவா?"

அவர் ஜமாத்துக்காரர்களிடம் அசருக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். லுஹர் போனது. குளிப்பாட்டிக் கபன் துணி இட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்தோம். யாசர் போன் அணைந்தே கிடந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அசர் பாங்கு சொன்னார்கள். சொன்ன நேரம் முடிந்த பிறகும் சாச்சா தெரு முனை வரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு முகத்துணியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் போன் வந்தது.

"லாத்தா, இப்பந்தான் எறங்குனேன்."

பின்னால் அதே பெண். அதே வரவேற்பு, அதே பெல்ட். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாச்சா என்னைப் பார்த்தார். "எங்கன வாரான்?"

"திருவனந்தபுரம்."

வாக்குக் கொடுத்தவள் நான்தான். வாசலை விட்டு விலகி நின்றேன். அவர் முகத்தை மூடினார். சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

யாசர் வந்தபோது ராத்திரி இஷா தொழுகை முடிந்திருந்தது. வாப்பாவை அடக்கிய மையவாடிக்கு நேராகப் போய்விட்டுத்தான் வந்தான். காலெல்லாம் ஈர மண். கழுவச் சொல்லிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். விமானம் ரிப்பேராகி, இதோ கிளம்புது இதோ கிளம்புது என்றே ஷார்ஜாவிலேயே நாலு மணி நேரம் நின்றதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டானாம். அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கதவுப் பக்கத்து அறிவிப்புப் பெட்டியில் புறப்படுகிற ரிக்கார்டைப் போட வேண்டிய விமானத்துப் பொண்ணு, தட்டுக்கெட்டுப் போய் இறங்குகிற ரிக்கார்டை அமுக்கிவிட்டாள். எவனோ ஒருத்தன், ஊரு வந்துட்டு, எறங்குங்கலே என்று கத்தியிருக்கிறான். அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். போனை அணைக்கச் சொல்லிவிட்டார்களாம்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நானும் சிரிச்சேன், லாத்தா."

"கேட்டேன்" என்றேன். கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.