மச்சான் போட்ட ஸ்பிரிங்

காரைத் தரையோடு தரையாக இறக்க ஆசைப்படுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்ப வேண்டும் என்பவன் ஒரு ரகம். நிறுத்தி வைத்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பவன் இன்னொரு ரகம். முதல் ரகத்தானோடு உட்கார்ந்து பேசலாம். இரண்டாவது ரகத்தானோடு பேசுவதற்குப் பதில் சுவரோடு பேசலாம், சுவராவது எதிர்த்துப் பேசாது. கார்களுக்கு ஸ்பிரிங் மாற்றும் பட்டறை வைத்திருந்த நம் ஸ்பிரிங்காரருக்கு வாய்த்த மாப்பிள்ளை, அதாவது அவருடைய ஒரே தங்கையின் புருஷன், இந்த இரண்டாவது ரகம்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனிதருக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது. கடைக்கு வருகிறவர்களின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய கை, இப்போது டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“நாலு விரல் போகுது மச்சான். அசிங்கமா இல்ல?” என்று வந்து நின்றார் ஒரு காலையில். “ஒரு விரல் கூடப் போகக் கூடாது. எதைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க.”

ஸ்பிரிங்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் வெறும் ஸ்பிரிங் மட்டும். வண்டியை இரண்டு விரல் இறக்கும். இன்னொன்று முழு செட். நன்றாகக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகள், அதோடு மஞ்சள் நிறத்தில் குட்டையான ஷாக் அப்சார்பர்கள்.

“உங்க வண்டிக்குப் பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி,” என்று விளக்கினார். “அந்த ஸ்பிரிங்கை ஒரு போல்ட்டும் பிடிச்சுட்டு இல்ல. மேல வண்டியோட கனம், கீழ சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை, நடுவுல அது சும்மா உட்கார்ந்திருக்கு. மேட்டுல ஏறி வண்டி எகிறினா சக்கரம் தொங்கும். எவ்வளவு தொங்கலாம்னு இழுத்துப் பிடிக்கிறது ஷாக் அப்சார்பர்தான். அது நீளமா இருந்து ஸ்பிரிங் ரொம்பக் குட்டையா இருந்துச்சுன்னா, தொங்குற நேரத்துல ஸ்பிரிங் நழுவி வெளிய வந்துடும். அதனாலதான் முழுசா இறக்கணும்னா ரெண்டும் சேர்ந்தே வருது.”

“அப்போ முழு செட்டையே போட்டுடுங்க. வேணாம்னு யார் சொன்னா?”

“மரப்பலகையில உட்கார்ந்து போற மாதிரி இருக்கும் மாப்பிள்ளை. ஒரு சின்னக் கல் மேல ஏறினாக்கூட இடுப்புல இடிக்கும். சின்ன பெட்டியே போதும், நான் சொல்றதைக் கேளுங்க.”

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. கோபம் இல்லை, மனக்குறை. கோபத்தைவிட அது மோசம். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டு மனிதர் வாய்விட்டு ஒன்று கேட்டு, அதற்கு இவர் முடியாது என்று சொன்னதாக ஆகிவிடும். ஸ்பிரிங்காரர் சும்மா கழுத்தைத் தடவிக்கொண்டு, “சரி, வண்டியை விட்டுட்டுப் போங்க,” என்றார்.

மத்தியானம் தங்கை வந்தாள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். வந்ததும் உட்காரவில்லை.

“அண்ணா, அவர் கேட்டதைப் போடப் போறியா?”

“போடலைன்னா உன் புருஷன் மூஞ்சியைப் பார்க்க முடியாது.”

“போடாதே,” என்றாள். “எனக்கு முதுகெலும்புல ஒரு தட்டு நழுவியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்பவே ஒவ்வொரு குழிக்கும் உயிர் போகுது. அவருக்குத் தெரியாது. நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான்.”

ஸ்பிரிங்காரருக்குச் சுருக்கென்றது. “பைத்தியமா உனக்கு? புருஷன்கிட்ட மறைக்கிற விஷயமா இது?”

“சொன்னா என்ன பண்ணுவார்? ஒண்ணு, என்னை வீட்ல உட்கார வெச்சுட்டுப் போவார். இல்லைன்னா வண்டியை வித்துட்டு ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருப்பார். வாரம் பூரா அடுத்தவங்க கண்ணைப் பார்த்துட்டு வர்ற மனுஷன், ஞாயித்துக்கிழமை அந்த வண்டியில ஏறினாதான் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுறார். அதையும் கெடுத்துக்கச் சொல்றியா?”

 அவளே வழியும் சொன்னாள்: “சின்ன பெட்டியைப் போடு. முழு செட்டும் போட்டேன்னு சொல்லிடு.”

“ஷாக் அப்சார்பர் மஞ்சள் கலர்ல இருக்கணுமேடி. குனிஞ்சு பார்ப்பாரே.”

“பெயிண்ட் இல்லையா உன்கிட்ட?”

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு “அம்மா” என்றாள், மறுபடியும் சிரித்தாள். பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, அவர் மஞ்சள் அடித்தார். இந்த நீளத்துக்கு ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கினால் நழுவிவிடும் என்று, காலையில் மாப்பிள்ளைக்குச் சொன்ன பாடத்தை அவளுக்கும் சொன்னார். காய்ந்ததும் அவள் புதுப் பெட்டியிலிருந்த கம்பெனி ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்து எடுத்துப் பழசுமேல் ஒட்டினாள். “கொஞ்சம் கோணலா ஒட்டுடி, ரொம்ப நேரா இருந்தா சந்தேகம் வரும்,” என்றார் இவர். அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பட்டறையில் ஒரே கும்மாளம். கல்யாணம் ஆன பிறகு தங்கை அவரோடு அப்படிச் சிரித்துப் பேசி ரொம்ப காலம் ஆகியிருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து மஞ்சள் நிறத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் பின்சக்கரத்தின் மேல் விரலை நுழைத்தார்.

“பின்னாடி இன்னும் ரெண்டு விரல் போகுதே மச்சான்?”

“புது ஸ்பிரிங் மாப்பிள்ளை. ஓட ஓட உட்காரும்,” என்றார் ஸ்பிரிங்காரர், கண்ணைப் பார்க்காமல், கையைத் துணியில் துடைத்தபடி.

கொஞ்சம் உட்காரும்தான், அது பொய்யில்லை. இரண்டு விரல் உட்காராது. அதுவும் அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை நம்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்து, “அண்ணா, வலிக்கவே இல்ல. அவர் வேற, ‘முழு செட் போட்டும் எவ்வளவு மெத்துனு போகுது பார்த்தியா, எங்க மச்சான் கை அப்படி’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார்,” என்று குசுகுசுத்தாள். ஸ்பிரிங்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு பொய்யால் மூன்று பேருக்கும் நல்லது நடந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

வாரங்கள் போயின. மாப்பிள்ளை விரலை நுழைத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. இரண்டு விரல் இரண்டு விரலாகவே இருந்தது. ஆனால் மச்சானிடம் திரும்ப வந்து, நீங்கள் செய்த வேலை சரியில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மரியாதை. இவர் அவரிடம் முடியாது என்று சொல்லாமல் மரியாதை காத்தார், அவர் இவரிடம் குறை சொல்லாமல் மரியாதை காத்தார். நாசமாய்ப் போன மரியாதை.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது ஸ்பிரிங்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே, ஆற்றின் குறுக்கே முதுகு தூக்கிய ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதன் உச்சியில் வண்டி கொஞ்சம் எகிறியிருக்கிறது. இறங்கும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றி, தங்கை உட்கார்ந்திருந்த பக்கமாகப் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு இடுப்பும் காலும் ஒடிந்தன. தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் போலீஸ் அவரைக் கூப்பிட்டது. விஷயம் தெரிந்தவர், வண்டியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் பொட்டல் வெளியில் அது கிடந்தது. தங்கை பக்கத்துக் கதவை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே படுத்து, பின்சக்கரத்துக்கு அடியில் தலையை நுழைத்தார்.

ஒரு பக்கம் ஸ்பிரிங்கையே காணோம். இன்னொரு பக்கம் இருந்தது, ஆனால் அவர் போட்ட அளவில் இல்லை. கீழ் முனையில் ஒரு சுற்றுக்கு மேல் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பக்கத்திலேயே மஞ்சள் ஷாக் அப்சார்பர், முழு நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: வெட்டுப்பட்ட முனையைப் பார்த்த அந்த நொடி அவருக்கு நிம்மதியாக இருந்தது. நான் போட்ட ஸ்பிரிங் நழுவவில்லை, எவனோ வெட்டியிருக்கிறான். வெளியே வந்து எழுந்து, “எந்த மடையன் வெட்டினது இதை?” என்று கத்தினார். வண்டிகளுக்கு வெல்டிங் வேலை செய்யும் ஒருவனை ஏற்கெனவே பிடித்து உட்கார வைத்திருப்பதாகப் போலீஸ்காரர் சொன்னார். ஸ்பிரிங்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மாப்பிள்ளை காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். இவரைப் பார்த்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“உங்க தங்கச்சியைக் கொன்னுட்டேன் மச்சான்.”

“அப்படிச் சொல்லாதீங்க. வெட்டினவன் செஞ்ச வேலை அது.”

“அவன் மேல தப்பே இல்ல,” என்றார் மாப்பிள்ளை. “அவனை விடச் சொல்லுங்க. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். பின்னாடி ஸ்பிரிங்கை வெட்டினா நழுவிடும் சார், ஆளை விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான். நான்தான் சொன்னேன், உள்ள இருக்கிறது குட்டை ஷாக் அப்சார்பர், சக்கரம் தொங்காது, என் மச்சான் போட்டதுன்னு. அவன் குனிஞ்சு மஞ்சள் கலரைப் பார்த்தான், ஸ்டிக்கரைப் பார்த்தான். ‘அவர் போட்டதா? அப்போ பயமில்ல’ன்னு அப்புறம்தான் வெட்டினான். நான் ஒரு முட்டாள். நீங்க ஒழுங்கா செஞ்சு கொடுத்ததை நான்தானே கெடுத்தேன்.”

ஸ்பிரிங்காரர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்,” என்று மாப்பிள்ளை அழுதுகொண்டே தொடர்ந்தார். “சொன்னா உங்க காதுக்கு வந்துடும், நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு மறைச்சேன். அன்னைக்குக் காலையில அவ குனிஞ்சு பார்த்துட்டு, ‘என்னங்க, இவ்வளவு இறங்கிடுச்சு?’ன்னு கேட்டா. ‘உங்க அண்ணன் சொன்ன மாதிரியே ஸ்பிரிங் உட்கார்ந்துடுச்சு’ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் சிரிச்சுட்டே ஏறி உட்கார்ந்தா.”

ஸ்பிரிங்காரர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வெல்டிங்காரன் உள்ளே போவான், மாப்பிள்ளை ஆயுசுக்கும் தன்னையே அடித்துக்கொள்வார், இவருக்கு ஊரில் நல்ல பேர். எதிரே கிடந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். இதை இந்த மனிதர் தலையில் கட்டிவிட்டுப் போய் எந்தச் சோற்றைத் தின்பது?

“மாப்பிள்ளை, அது குட்டை ஷாக் அப்சார்பர் இல்ல,” என்றார். “பழசேதான். நான்தான் மஞ்சள் அடிச்சுப் போட்டேன். ஸ்பிரிங்கும் முழு செட் ஸ்பிரிங் இல்ல. சின்ன பெட்டியில இருந்தது.”

மாப்பிள்ளைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அழுகை நின்றுவிட்டது.

“என்ன சொல்றீங்க?”

“ஸ்டேஷன்லயும் போய்ச் சொல்லிடுறேன். அந்த ஆளை விட்டுடுவாங்க.”

“எதுக்கு அப்படிப் பண்ணீங்க?”

முதுகைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. “நீங்க கண்மண் தெரியாம ஓட்டுவீங்கன்னு பயந்துட்டேன்,” என்றார்.

மாப்பிள்ளை அவரையே உற்றுப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: “அவளுக்கு இது தெரியுமா?”

தெரியும் என்று சொன்னால் போதும். உள்ளே இருப்பது நீளமான பழசு என்று அவளுக்குத் தெரியும், வெட்டினால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியில் காலையே வைத்திருக்க மாட்டாள், புருஷனையும் வைக்க விட்டிருக்க மாட்டாள் என்பது இந்த மனிதருக்கு விளங்கிவிடும். அதன் பிறகு மாப்பிள்ளை எழுந்து நடக்கப் போவதே இல்லை.

“தெரியாது,” என்றார் ஸ்பிரிங்காரர். “அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவளையும்தான் ஏமாத்தினேன்.”

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். “உங்களை எவ்வளவு நம்பினா தெரியுமா அவ,” என்றார். “சொந்தத் தங்கச்சியை எப்படிய்யா ஏமாத்த மனசு வந்துச்சு உனக்கு?”

இவர் கட்டிலின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

“போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே.”

ஸ்பிரிங்காரர் வெளியே வந்து, வழியில் நின்ற ஆளிடம் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். காலையில்தான் அங்கிருந்து வந்திருந்தார். வழி மறந்துபோயிருந்தது.