எவரிஸ்தோ வீட்டில் இரண்டு ஓட்டு

அந்த நவம்பரில் எவரிஸ்தோ வீட்டில் இரண்டு பேருக்கு ஓட்டு இருந்தது. ஒன்று அவருக்கு. கிழவனாகப் போகிற வயதில்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. இன்னொன்று பதினெட்டு முடிந்திருந்த மகள் அராசெலிக்கு. மனைவி ஒஃபேலியாவுக்கு இந்த நாட்டில் தங்க மட்டும் அனுமதி உண்டு. நொயெமிக்கு அதுவும் இல்லை.

நொயெமி எவரிஸ்தோவின் தங்கை மகள். மெக்சிகோவில் தாய் இறந்த பிறகு, நாலு வயதில், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு, இந்த ஜார்ஜியா மாநிலத்துக்குக் கொண்டுவந்து விட்டுப் போனாள். நான் எதிரே உள்ள டிரெய்லர் வீட்டில் இருப்பவள், ஒஃபேலியாவோடு ஒரே கோழித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வந்த முதல் வாரம் அந்தக் குழந்தை அராசெலியின் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல் திரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் இருவரும் ஒரே கட்டில், ஒரே பள்ளிக்கூடம். அராசெலியின் தலையில் பேன் வந்தால் அடுத்த நாள் நொயெமிக்கும் வந்துவிடும்.

ஓட்டு விஷயத்தில் அராசெலியைவிட நொயெமிக்குத்தான் துடிப்பு அதிகம். பெயர் பதிய வைத்தது அவள்தான். யார் யார் நிற்கிறார்கள், யார் என்ன பேசினார்கள் என்று தேடிப் படித்துச் சொன்னதும் அவள்தான். எங்களுக்கெல்லாம் அந்த வருடம் பெரிய பதவிகளைவிட, எங்கள் வட்டாரப் போலீஸுக்குத் தலைவரான ஷெரிப்பின் தேர்தல்தான் தலைக்கு மேல் கத்தி. ஏற்கெனவே இருந்த ஷெரிப், காகிதமில்லாமல் யார் பிடிபட்டாலும் குடியேற்றத்துறையிடம் ஒப்படைப்பேன் என்று மேடைக்கு மேடை சொன்னார். எதிர்த்து நின்றவர், அப்படிப் பிடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்றார்.

தேர்தலன்று மதியம் நொயெமி தன் மஞ்சள் சட்டையை அராசெலிக்குப் போட்டுவிட்டு, தானே கார் ஓட்டிக்கொண்டு தேவாலயத்தை ஒட்டிய கூடம்வரை கூட்டிப்போனாள். அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. எங்களில் பாதிப் பேருக்குக் கிடையாது. வேலைக்குப் போகாமல் முடியுமா? ஓட்டத்தான் வேண்டும்.

அராசெலி உள்ளே போனாள். நொயெமி காரிலேயே இருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி, இந்தப் பெண்ணுக்கு இது முதல் ஓட்டு என்று உரக்கச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்களாம். அராசெலிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து, ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் பீச் பழம் போட்ட ஒட்டுத்தாளைச் சட்டையிலிருந்து உரித்து நொயெமியின் தோளில் ஒட்டப் போனாள். நொயெமி கையைத் தட்டிவிட்டாள்.

“வேணாம்டி. ஓட்டுப் போட்டேன்னு நான் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சா வம்பாயிடும். நீயே வச்சுக்க, உனக்குத்தான் அழகா இருக்கு.”

பிறகு, உள்ளே எப்படி இருந்தது, பொத்தான் பெரிசா சின்னதா, யாராவது முறைத்தார்களா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

அன்று சாயங்காலம் ஒஃபேலியா சோளமும் இறைச்சியும் போட்டுப் பொசோலே சூப் வைத்திருந்தாள். நானும் ஒரு கிண்ணத்துக்காகப் போய் உட்கார்ந்திருந்தேன். கூரை வேலை முடித்து, தாரும் தூசுமாக எவரிஸ்தோ வந்தார். வழியிலேயே இறங்கி ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அராசெலி எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நம் ஆள் ஜெயித்துவிடுவாரா என்று கேட்டாள். அவர் பொசோலேயில் எலுமிச்சையைப் பிழிந்தபடி, நான் இருக்கிற ஷெரிப்புக்குத்தான் போட்டேன் என்றார்.

அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய வண்டியிலிருந்து இரண்டு தடவை சாமான்கள் திருடு போயிருந்தன. ஷெரிப் நேரில் வந்து பார்த்தார், தேவாலயத்தில் கண்டபோது பெயர் சொல்லிக் கைகுலுக்கினார். முப்பது வருடத்தில் ஒரு அதிகாரி தன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவையாம்.

“அவங்க தேடுறது திருடங்களை. தன் வேலையுண்டு தானுண்டுன்னு இருக்கறவங்களை என்ன பண்ணப் போறாங்க?” என்றார்.

அராசெலி கிண்ணத்தைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தியதில் டிரெய்லரே ஆடியது. நொயெமி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சோளரொட்டியைச் சுடவைத்து, துணியில் சுற்றி மாமாவின் பக்கத்தில் வைத்தாள்.

ஷெரிப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பிப்ரவரியில் ஒருநாள், ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்த நொயெமியை நெடுஞ்சாலையில் நிறுத்தினார்கள். காரின் பின்னால் நம்பர் பலகைக்கு மேல் இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை. உரிமம் கேட்டார்கள். அவ்வளவுதான், அன்றிரவே சிறை.

மறுநாள் காலை எவரிஸ்தோ பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனார். ஆங்கிலம் பேச அராசெலியைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. என்னைத்தான் கூட்டிப்போனார். ஷெரிப்புக்கு என்னைத் தெரியும், பெயர் சொன்னால் போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் இருந்த பெண்ணிடம் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உட்காரச் சொன்னாள். மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். ஷெரிப் ஒருமுறை எங்களைத் தாண்டித்தான் போனார். எவரிஸ்தோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். ஷெரிப் தலையசைத்துவிட்டு நடந்தார். எங்களுக்கு மட்டுமில்லை, அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே தலையசைப்பு.

நொயெமியைக் குடியேற்றத்துறையிடம் ஒப்படைத்துவிட்டார்கள், தெற்கே எங்கோ தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வக்கீல் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. வசந்தம் முடியுமுன் மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். முகமே நினைவில்லாத ஒரு சித்தி வீட்டில், மொரேலியா நகரத்தில் போய் இறங்கினாள். அவள் பேசும் ஸ்பானிஷைக் கேட்டு அங்கே உள்ளவர்கள் சிரிக்கிறார்களாம்.

அராசெலி தன் தகப்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, உப்பு வேண்டுமா என்று அப்பாவைக் கேள் என்று தாயிடம் சொல்வாள். எவரிஸ்தோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒஃபேலியா மட்டும் தொழிற்சாலையில், கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொள்வாள்.

நொயெமிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அராசெலியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் என்னிடம் வந்து, என் வாசற்படியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே அந்தப் பேச்சைச் சொன்னாள் அராசெலி.

“மாமாகூடப் பேசுடி,” என்றாளாம் நொயெமி.

“எப்படிப் பேசச் சொல்ற? உன்னை அனுப்புனதே அவர்தான்.”

“விளக்கு எரியல, அதனால அனுப்பிட்டாங்க. மாமா ஒரு ஓட்டுல யாரு ஜெயிச்சா?”

“அவர் போட்டாரு இல்ல?”

அப்போதுதான் நொயெமி இதைச் சொன்னாளாம்.

“போடறது எப்படின்னு நான்தான்டி சொல்லிக் குடுத்தேன். மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது, உனக்கே தெரியும். முந்தின நாள் நீ குளிச்சுக்கிட்டு இருந்த. ஷெரிப் பேரு எங்க வரும், எதை அழுத்தணும்னு என்கிட்ட கேட்டாரு. போன்ல காட்டினேன்.”

“உனக்கு அப்பவே தெரியுமா? வேற பேரைக் காட்டியிருக்கலாமே. அவருக்குத் தெரியவா போகுது?”

“என்னை நம்பித்தானே கேட்டாரு,” என்றாள் நொயெமி. “எப்படி மாத்திக் காட்ட?”

அராசெலி என் வாசலில் வெகுநேரம் இருந்தாள். பிறகு எழுந்து நேரே எதிரே போனாள். எவரிஸ்தோ வண்டியின் பின்கதவை இறக்கி, அதில் உட்கார்ந்து சுத்தியல் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் முன்னால் வந்து நின்றதும் அவர் கை நின்றது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

“நொயெமிகிட்டயே கேட்டீங்களாப்பா? அவகிட்டயேவா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எங்களுக்கு நடுவே இருந்த மண்பாதை அகலமில்லை. அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“அவங்க சொல்றதெல்லாம் வேற யாரையோன்னு நெனச்சேம்மா. அவ நம்ம புள்ளைதானே. அவளைப் போய் அதுல சேர்த்து நெனைக்கவே எனக்குத் தோணலை.”

அராசெலி அவர் பக்கத்தில் உட்காரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. வண்டியில் சாய்ந்து நின்று அழுதாள். அவர் அவளைத் தொடக் கையை நீட்டி, தார் ஒட்டிய விரல்களைப் பார்த்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் பேச்சு உண்டு. சாப்பிட வாங்க, வண்டிச் சாவி எங்க, அந்த அளவுக்கு. மறுவருடம் நகரசபைத் தேர்தல் வந்தது. அராசெலி வேலை முடிந்து தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். எவரிஸ்தோ போகவில்லை. நொயெமி மொரேலியாவில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காக்காரர்கள் கூப்பிட்டு இன்டர்நெட் வரவில்லை என்று கத்துவார்களாம். எங்கள் ஊர்ப் பேச்சின் வாடை அவள் ஆங்கிலத்தில் அடிப்பதைக் கேட்டு, நீ ஜார்ஜியாப் பெண்ணா என்று சிலர் பிரியமாக விசாரிப்பார்களாம். ஆமாம் என்று சொல்வதாக அவள் சொன்னாள்.