இடது ஓரத்தில் முப்பத்தேழு வார்த்தைகள்

லிடுவினாவுக்குக் கோணல் என்றால் ஆகாது. ஸ்டேப்ளர் மேசை விளிம்புக்கு நேராக இல்லையென்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் வில்ஃப்ரிடோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார் பஸ் முதலாளி டோன் எலாடியோ. எட்டு மாதமாகிறது.

வில்ஃப்ரிடோவின் மேசை ஒரு குப்பைமேடு; அவன் எழுதும் நிரல் அதற்கு அண்ணன். வில்யாரிக்கா ஊரிலிருந்து கிளம்பும் அந்தக் கம்பெனி பஸ்களுக்கு டிக்கெட் விற்கும் இணையதளத்தைப் பதினைந்து வருடம் முன்பு பழைய பி.எச்.பி. மொழியில் எழுதியவன் அவன்தான். பக்கத்துக்கு வேண்டிய பல வரி எச்டிஎம்எல்லை மூட்டை மூட்டையாகக் கட்டிவைத்திருந்தான். மூட்டை தொடங்கும் இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தை, முடியும் இடத்தில் அதே வார்த்தை. மற்ற வரிகளெல்லாம் உள்ளே தள்ளி இருக்க, முடிக்கும் வார்த்தை மட்டும் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் லிடுவினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வீட்லயும் செருப்பை இப்படித்தான் வாசலுக்கு வெளிய வீசுவியா?” என்று கேட்டிருக்கிறாள்.

“அதைத் தொடாதே, சுத்த மகாராணி. அது அங்கதான் இருக்கணும்.”

சோம்பேறியின் சாக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் வந்தது. காகுப்பே மாதா திருவிழாவுக்கு நாடே கிளம்பும். டிக்கெட் விற்பனை காலை பத்து மணிக்கு. போன வருடம் முதல் மணி நேரத்திலேயே தளம் படுத்துவிட்டது. டோன் எலாடியோ அதை மறக்கவில்லை.

“இந்த வருஷமும் கவுந்துச்சுன்னா, வேலையை அசுன்சியோன்ல இருக்கற என் மருமகன்கிட்ட குடுத்துடுவேன். நீங்க ரெண்டு பேரும் போய் பஸ் கழுவுங்க” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

விற்பனை நாளன்று ஒன்பது மணிக்கு வில்ஃப்ரிடோ, தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீருக்கு ஐஸ் வாங்கப் போனான். லிடுவினாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பேர் வந்து பார்க்கப்போகிற தளம், உள்ளே இப்படியா இருப்பது? எடிட்டரில் இருந்த ஒழுங்குபடுத்தும் பொத்தானை ஒரே அழுத்து. வரிகளெல்லாம் தலை வாரிவிட்ட மாதிரி நின்றன. மனசு குளிர்ந்து, சேமித்து எடிட்டரை மூடிவிட்டு, தளத்தைத் திறந்து பார்த்தாள்.

வெள்ளை. எழுத்து இல்லை, படம் இல்லை, ஒன்றுமே இல்லை.

ஐஸோடு வந்த வில்ஃப்ரிடோ திரையைப் பார்த்தான். “சர்வர் மறுபடியும் மண்டையைப் போட்டுடுச்சு. பெரியவர்கிட்ட என் தப்புன்னு நானே சொல்லிக்கறேன், நீ கவலைப்படாதே” என்று போனை எடுத்தான்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது.

“சர்வர் இல்ல. நான்தான். ஒழுங்கு பண்ணினேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“காகுப்பே மாதாவே!” போனை மேசையில் வைத்தான். “முடிக்கிற வார்த்தைக்கு முன்னாடி ஒரே ஒரு இடைவெளி இருந்தாலும் இந்தக் கிழட்டு பி.எச்.பி.க்கு அது கண்ணுல படாது. மூட்டை இன்னும் முடியலன்னு கடைசி வரி வரைக்கும் தேடிட்டே போகும்.”

“நான் படிச்ச பி.எச்.பி.ல உள்ள தள்ளி வெச்சாலும் ஏத்துக்குமே!”

“நீ படிச்சது புதுசு. இது பிடிவாதம் புடிச்சது.”

“பழைய நகல் இருக்கா?”

“அக்டோபர்ல எடுத்தது இருக்கு. அதுல திருவிழா பஸ்ஸே இல்ல.”

“கருவியை வெச்சே திருப்பி இழுத்துடலாமா?”

“இப்ப இழுத்துக் கெடுத்ததும் அதே கருவிதான்.”

இருந்தது நாற்பது நிமிடம். முப்பத்தேழு வார்த்தைகள். அவள் கையாலேயே ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இழுத்தாள்; அவன் எண்ணிக்கொண்டே கொம்புக் குவளையில் தெரெரே ஊற்றிக் கொடுத்தான். எட்டு மாதமாக அவள் அந்த வார்த்தைகளின் கோணலை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் படித்தாள். சிப்பா. சோப்பா. ம்பெஜு. மறுபடியும் சிப்பா. எல்லாமே ஊர்ப் பலகாரங்கள்.

“பதினஞ்சு வருஷமா பசியிலயேதான் எழுதியிருக்கியா?”

“சாப்பிட்டுட்டு எழுதினா தூக்கம் வருது.”

இருபத்திரண்டாவது வார்த்தை சாப்பாடு இல்லை. லிடு. அடுத்ததும் லிடு. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் எழுதிய பக்கங்கள் அவை. மீதிப் பதினான்கிலும் அவள் பெயர்தான். வில்ஃப்ரிடோவுக்குத் திடீரென்று ஐஸ் கட்டிகளின்மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.

“சாப்பாடெல்லாம் தீந்துபோச்சா?” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அது… சுருக்கமா இருந்துச்சு.”

“ம்பெஜுவும் சுருக்கம்தான்.”

அவன் பிடரியைச் சொறிந்தான். “அந்த வார்த்தை வந்துட்டா அதுக்கு மேல தேட வேண்டியதில்ல, லிடு. அவ்வளவுதான்.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் முப்பதாவது வார்த்தையில் ஓர் எழுத்தையும் சேர்த்து அழித்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பப் போட்டாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் பக்கம் வந்தது. விற்பனை திறக்குமுன் ஒரு டிக்கெட் வாங்கிப் பார்த்து, உடனே ரத்து செய்வது அவர்கள் வழக்கம். லிடுவினா பதினேழு, பதினெட்டாம் இருக்கைகளை எடுத்தாள். இரண்டு பெயர் அடித்தாள். டிக்கெட் வந்தது.

பத்து மணிக்குக் கூட்டம் மொய்த்தது. தளம் அசையவில்லை. பதினோரு மணிக்குள் முதல் பஸ் நிறைந்தது. “பஸ் கழுவ வேற ஆள் பாத்துக்கறேன்” என்று டோன் எலாடியோ கீழேயிருந்து கத்தினார்.

வில்ஃப்ரிடோ பயணிகள் பட்டியலை உருட்டிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

“பதினேழு, பதினெட்டு… நம்ம ரெண்டு பேர் பேரு! சோதனை டிக்கெட்டை ரத்து பண்ணலையா? நீயா இப்படி விட்டுவெச்சே?”

“இன்னைக்கு ஒழுங்கு பண்ணினது போதும்” என்று குவளையை அவனிடம் நீட்டினாள் லிடுவினா.