பாதி கறுப்புப் படங்கள்

மனைவி வீட்டில் அவருக்குப் பெயரே மாப்பிள்ளைதான். மனைவியின் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இறந்துபோன தன் அப்பாவின் ஃபிலிம் கேமராவை அவர் ஆசையாக இவரிடம் கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமல், எல்லாம் தெரிந்தவர்போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

மகளின் முதல் பிறந்தநாளை ஃப்ளாஷ் போட்டு எடுத்துத் தள்ளினார். கழுவி வந்தால் எல்லாப் படத்திலும் ஒரு பாதி கறுப்பு. கேக் இருந்தால் குழந்தை இல்லை. குழந்தை இருந்தால் கேக் இல்லை. சொந்தக்காரர்கள் நடுவில் படங்களைப் பரப்பினார்.

"ஓட்டை கேமராவ என் தலையில கட்டிட்டாரு மச்சான்."

மாமியார் மகனை ஒரு பிடி பிடித்தார். "மாப்பிள்ளைக்குக் குடுக்கிற பொருளாடா இது?"

கேமராவைத் துணியில் சுற்றி எடுத்துப் போன மச்சான், கொஞ்ச நாளில் வேறொன்றோடு வந்தார். "இது நல்லா ஓடும் மாப்ள. கடையில சோதிச்சுப் பாத்துட்டேன்."

அதிலும் பாதி கறுப்புதான் வந்தது. மாப்பிள்ளை பேட்டரியை மாற்றினார். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை அழிரப்பரால் தேய்த்தார். அப்புறம்தான் உறைத்தது, வெயிலில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தவை முழுசாக இருக்கின்றன. ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து ஃப்ளாஷ் அடித்தார். ஃப்ளாஷ் மின்னிய நொடியில் உள்ளே வெளிச்சத்தை விடும் ஷட்டர் ஜன்னல் பாதிதான் திறந்திருந்தது. ஷட்டர் வேகத் திருகில் அறுபது மட்டும் சிவப்பு, பக்கத்தில் ஒரு மின்னல் குறி. ஃப்ளாஷுக்கு அதுதான் வேகம்; அதற்கு மேல் வைத்தால் பாதிப் படம்தான் விழும். இவரோ கை ஆடினாலும் படம் ஆடாது என்று இருநூற்றைம்பதிலேயே வைத்திருந்தார். அறுபதுக்குத் திருப்பி அடித்தார். ஜன்னல் முழுசாகத் திறந்தது.

எத்தனை பேர் முன்னால் அந்த மனிதனைத் தலைகுனிய வைத்தோம் என்று எண்ணிப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. நேரே மச்சான் வீட்டுக்குப் போனார்.

வேன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். "வாங்க மாப்ள. புதுசு எப்படி?"

"மச்சான், அந்தப் பழசு எங்க?"

"ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கடையில குடுத்துட்டுதான் இத வாங்கினேன். பிரிச்சிருப்பாங்க." மச்சான் ஈரக் கையை உதறினார். "அப்பா ஞாபகமா வெச்சிருந்தேன். என்ன செய்றது, கெட்டுப்போச்சு."

"கெட்டுப் போகல மச்சான். நான்தான் வேகத்தத் தப்பா வெச்சேன். புதுசுலயும் அப்படித்தான் வந்துச்சு."

மச்சான் குழாயை மூடினார்.

"வீட்ல சொல்லிடாதீங்க மாப்ள. உங்களுக்குத்தான் அசிங்கம்."

மாமியார் தண்ணீரோடு வெளியே வந்தார். "புது கேமரா நல்லா இருக்கா மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கும்மா" என்றார் மச்சான், மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள்.

"பாத்தியா? அன்னிக்கே நல்லதா குடுத்திருந்தா குழந்தை படம் கிடைச்சிருக்கும்ல?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

மாப்பிள்ளை சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தார்.