நான்காம் விதி

மூத்த மருமகளுக்குத் தன் ஓரகத்தியைப் பிடிக்காமல் போனதற்கு நாய்தான் காரணம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். நாய் வருவதற்கு முன்பே பிடிக்காது. மூத்தவள் ஆறு வருடமாக முக்கி முனகிச் செய்த வேலைகளையெல்லாம் சின்னவள் கல்யாணமாகி வந்த முதல் வாரமே சிரித்துக்கொண்டு செய்து முடித்தாள். ஒருத்தியைப் பிடிக்காமல் போக இதற்கு மேல் என்ன வேண்டும்? நாய் வந்த பிறகு அந்த வயிற்றெரிச்சலுக்கு வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு அல்சேஷன் குட்டிகளை அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் தூக்கி வந்தார்கள். மாடியில் குடியிருந்த மூத்தவளுக்கு ஆண் குட்டி, கீழே குடியிருந்த சின்னவளுக்குப் பெண் குட்டி. மாடிக் குட்டி தபால்காரர், தண்ணீர்க் குழாய், தன் நிழல் என்று எதைக் கண்டாலும் வாதாடியதால் அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர் நிலைத்தது. கீழ்க் குட்டி சோற்றைக்கூட உட்கார்ந்துதான் தின்னும். அதனால் அது ‘மகாராணி’.

மூத்தவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், வந்த பின் ஒரு மணி நேரம், அவளே வக்கீலுக்கு ரோமம் வாரி, நகம் வெட்டி, ஓடவிட்டு, நிற்கப் பழக்கினாள். சின்னவள் வீட்டிலோ கொழுந்தன் ஒரு ஹேண்ட்லரை அமர்த்திவிட்டார். நாய்களைக் காட்சிக்குப் பிடித்து ஓடுவதையே பிழைப்பாகக் கொண்டவர் அவர். கொளுத்தும் வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதால் எல்லோரும் கோட்டு மாஸ்டர் என்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு நாய் பிடிப்பார், ஆறும் சிலை மாதிரி நிற்கும். முதல் மூன்று நாய்க் காட்சியிலும் மகாராணி ஜெயித்தது. வக்கீல் மூன்றிலும் மண்ணைக் கவ்வினான்.

“கூலிக்குப் பிடிக்கிறவர்கூட நான் எப்படிங்க போட்டி போடுறது? இது நியாயமா?” என்று மூத்தவள் கணவனிடம் அழுதாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையும், ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் தலையாட்டலும்தான் அவரிடமிருந்து கிடைக்கும். தலையாட்டினார்.

மூத்தவள் அழுகையோடு நிற்கவில்லை. ரோமம் வாருவதிலிருந்து எல்லாம் தானே செய்கிறவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று காட்சி நடத்தும் நாய்க் கிளப்புக்கு மனு எழுதினாள். வீடு வீடாக அலைந்து நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினாள். அதில் ஒன்று சின்னவளுடையது. “நல்ல விஷயம்தானே அக்கா” என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மூத்தவள் பல்லைக் கடித்தாள்.

கிளப் செயலாளர் ஒப்புக்கொண்டார். விதிகளையும் அவளையே எழுதச் சொல்லிவிட்டார். எழுதித் தள்ளினாள். நாயைச் சொந்தக்காரரே பிடிக்க வேண்டும். சம்பள ஹேண்ட்லர் தொட்ட நாயானால் ஒரு வருடம் கழித்துத்தான் சேரலாம். ரோமம் வாருவதும் வீட்டார்தான். நான்காவது, நாய்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்கும் யாரும் சத்தமோ சைகையோ காட்டி நாயின் கவனத்தை இழுக்கக் கூடாது; இழுத்தால் அந்த ஆளை மைதானத்தை விட்டு அனுப்பிவிட்டு நாயை மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐந்தாவது, புது வெற்றியாளரின் நாய்க்குப் பழைய வெற்றியாளர் தன் கையால் ரிப்பன் கட்ட வேண்டும். காகிதத்தில் எழுதும்போது ஐந்தாவது விதி அவளுக்கே ரொம்பப் பெருந்தன்மையாகத் தோன்றியது.

புதுப் பிரிவின் முதல் இரண்டு காட்சியிலும் வக்கீலே ஜெயித்தான். நடுவர் வந்து நின்றதும் காதை விறைத்து, கழுத்தை நிமிர்த்தி, கண் சிமிட்டாமல் அவள் தோளுக்கு மேலாகப் பார்ப்பான். “அவன் எனக்குத்தான் கட்டுப்படுவான். என் குரல் கேட்டாப் போதும்” என்று கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர்களிடமெல்லாம் வாய் கிழியச் சொன்னாள். மூன்று முறை ஜெயித்தால் கிளப்பின் பட்டம். எந்தக் கோட்டுக்காரனும் இல்லாமல், தன் இரண்டு கையால் வாங்கியதாக அது அவளுக்குக் கடைசிவரை இருக்கும். ஆயுளில் இதுவரை அவளுடையது என்று அப்படி ஒன்று இருந்ததில்லை.

மூன்றாவது காட்சிக்கான பட்டியல் வந்தபோது அதில் மகாராணியின் பெயரும் இருந்தது. பிடிப்பவர்: சின்னவள். கோட்டு மாஸ்டரை நிறுத்தி ஒரு வருடமும் மூன்று நாளும் ஆகியிருந்தது.

மூத்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. “பாத்தீங்களா? கணக்கா மூணு நாள் தள்ளிச் சேர்ந்திருக்கா! அந்த ஆளு நான் கடைக்குப் போனப்புறம் வந்து பழக்கிட்டுப் போறான். எனக்குத் தெரியாதா?” என்று கணவனிடம் குதித்தாள்.

“பார்த்தியா?” என்றார் அவர்.

“பாக்கணுமா? தெரியும்!”

தினமும் காலையில் கீழே முற்றத்தில் சின்னவள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மகாராணியோடு போவதும் வருவதும் சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது. அதெல்லாம் தன் கண்ணுக்காகப் போடும் நாடகம் என்று மூத்தவள் முடிவு கட்டியிருந்தாள். அப்படி முடிவு கட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

காட்சி ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. கயிறு கட்டி மூன்று வளையம் பிரித்திருந்தார்கள். நடுவர் உயரமான ஒரு பெண்மணி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கடைக்கு வரச் சொல்ல வேண்டும் என்று மூத்தவள் அந்தப் பதற்றத்திலும் நினைத்தாள். பதினோரு நாய்களில் ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் வளையத்துக்குள் நின்றவை இரண்டு: வக்கீலும் மகாராணியும்.

நடுவர் இருவரையும் நாய்களை நிறுத்தச் சொன்னார். வக்கீல் வழக்கம்போல் காதை விறைத்தான். மூத்தவள் பெருமையோடு பக்கத்தில் பார்த்தாள். மகாராணி அவனுக்கு ஒரு மாற்றுக் குறையாமல் நின்றது. பின்கால் ஒன்று நீண்டு, முதுகு சரிந்து, தலை நிமிர்ந்து. சின்னவள் லீஷ் வாரைத் தளர்த்திப் பிடித்திருந்தாள், இழுக்கக்கூட இல்லை. யாரும் இழுக்காமல் ஒரு நாய் அப்படி நிற்குமா? மூத்தவள் கயிற்றுப் பக்கம் கண்ணை ஓட்டினாள். அதோ நின்றார் கோட்டு மாஸ்டர், கையில் காபிக் கோப்பையோடு, நேர் எதிரே.

ஆள் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான் என்று அவள் நெஞ்சு துள்ளியது. கையைத் தூக்கினாள். “மேடம், நான்காம் விதி! வெளியில இருந்து அந்த நாய்க்கு ஒருத்தர் சைகை காட்டுறார்.”

கூட்டம் சலசலத்தது. சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. “யாரு அக்கா? யாரு காட்டுறாங்க?” என்று நிஜமாகவே கேட்பது போலக் கேட்டாள். நடிப்பில்கூட இவள் நம்மை மிஞ்சுகிறாளே என்று மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது.

நடுவர் வளையப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். “நீங்க கயிற்றுக்கு வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்க. நீங்க ரெண்டு பேரும் நாயை மறுபடி நிறுத்துங்கம்மா.”

பொறுப்பாளர் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கோட்டு மாஸ்டரிடம் ஏதோ கேட்டார். அவர் காபிக் கோப்பையால் அடுத்த வளையத்தைக் காட்டினார். தன் முறைக்காகக் காத்திருந்தாராம். பொறுப்பாளர் அவரைத் தாண்டி நடந்தார். வளையத்தைச் சுற்றி, மூத்தவளின் முதுகுப் பக்கம் வந்து நின்றார்.

“சார், சட்டைப் பையில என்ன?” என்ற குரல் கேட்டது.

“ரஸ்க்” என்றது அவள் கணவரின் குரல்.

மூத்தவள் திரும்பினாள். லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. பொறுப்பாளர் மரியாதையாக அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். கையோடு ஒரு ரஸ்க் பாக்கெட் வந்தது, சரசரவென்று காகிதச் சத்தம் எழுப்பிக்கொண்டு. அந்தச் சத்தத்துக்கு வக்கீலின் காது இரண்டும் ஊசிபோல் எழுந்தன. சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் நாக்கையும் தொங்கப்போட்டான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“போன தடவையும் இதே இடத்துலதான் நின்னீங்க சார்” என்றார் பொறுப்பாளர். அசடு வழிய நின்றவர் மனைவியைப் பார்க்கவில்லை. விதிப்படி அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். வழிவிட்ட கூட்டத்தினூடே அவர் தலை குனிந்து போனார்.

“விதிப்படி நாய்க்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. நிறுத்துங்க” என்றார் நடுவர்.

நிறுத்தினாள். வக்கீல் நின்றான், கேட்டைப் பார்த்துக்கொண்டு. “வக்கீல், இங்க பாரு. அம்மாவைப் பாரு.” பார்க்கவில்லை. கையிலிருந்த ஈரல் துண்டை மூக்கருகே காட்டினாள். வாங்கித் தின்றுவிட்டு மறுபடி கேட்டைப் பார்த்தான். அவள் குரல் அவனுக்கு, கடைக்காரன் போட்டுவைத்த ரேடியோ மாதிரி, பக்கத்தில் ஏதோ ஒலிக்கிற சத்தம். தலைகீழாக நின்றாலும் அவன் இனி நிமிர மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

நடுவர் மகாராணியைச் சுட்டிக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. கோட்டு மாஸ்டர் அந்த நேரத்தில் அடுத்த வளையத்தில் வேறு யாருடைய நாயோடோ ஓடிக்கொண்டிருந்தார்.

ரிப்பன் கட்ட இன்னும் அரை மணி இருந்தது. மூத்தவள் வக்கீலை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். இழுக்கத் தேவையே இல்லை, அவன்தான் அவளை இழுத்துப் போனான். கணவர் அவர்கள் வந்த வேனின் நிழலில் நின்றிருந்தார். வக்கீல் அவர் மார்பில் இரண்டு காலையும் வைத்தான்.

“எப்போலேருந்து?” என்றாள்.

“முதல்லேருந்து.”

“ரெண்டு தடவையும்?”

அவர் தலையாட்டினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே பேசினார். “தோத்துட்டு வந்து அழுவியே, அதைப் பாக்க முடியல. வீட்டுல ரஸ்க் பிரிக்கிறப்போ அவன் அப்படி நிக்கிறதப் பாத்தேன். இது ஒரு பெரிய தப்பா இருக்கும்னு நினைக்கல.”

“விதியை எழுதினதே நான்தானே! உங்ககிட்டதானே படிச்சுக் காட்டினேன்!”

“அது அந்தக் கோட்டு ஆளுக்காக எழுதினதுன்னு நினைச்சேன்” என்றார்.

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவரைத் திட்ட ஆசையாக இருந்தது. வக்கீலை அவரிடமே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மேடையில் செயலாளர் நீல ரிப்பனை அவள் கையில் கொடுத்தார். “உங்க விதிதான்மா” என்றார் சங்கடமாக. போன இரண்டு முறையும் பழைய வெற்றியாளர் என்று வேறு யாரும் இல்லாததால் செயலாளரே கட்டிவிட்டார். ஐந்தாம் விதிக்கு இன்றுதான் வேலை வந்திருக்கிறது.

சின்னவள் குனிந்து கிசுகிசுத்தாள். “அக்கா, நீங்க இந்தப் பிரிவைக் கொண்டுவரலேன்னா நான் லீஷையே தொட்டிருக்க மாட்டேன். மாஸ்டர் பிடிச்சப்போ இது என் நாய்னே எனக்குத் தோணல. ஒரு வருஷமா காலைல முற்றத்துல விழுந்து எழுந்துதான் கத்துக்கிட்டேன்.”

அவள் சொன்னதில் குத்தல் இல்லை. மூத்தவள் தேடிப் பார்த்தாள், ஒரு துளிகூட இல்லை. இவள் ஏமாற்றியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு சைகை, ஒரு சின்னச் சீட்டி, ஏதாவது ஒன்று இருந்திருந்தால் போதுமே, நிம்மதியாக வெறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே! இத்தனை நாளும் அவள் பொறாமைக்கு நியாயம் என்று ஒரு சட்டை மாட்டியிருந்தாள். இன்று அதுவும் கழன்று போய், வெறும் பொறாமை வயிற்றில் உட்கார்ந்திருந்தது. அதன் சூடு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

மண்டியிட்டு மகாராணியின் கழுத்தைச் சுற்றி ரிப்பனைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூச்சுப் படுகிற தூரத்தில் அவள் முகம் இருந்தும் நாய் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதை விறைத்து, கழுத்தை நிமிர்த்தி, கண் சிமிட்டாமல் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னவளின் கையில் ஒன்றுமே இல்லை.